மொனராகலை: கணக்கில் கரையும் தமிழர்

2024ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின் இனவாரிப் புள்ளிவிபரங்கள் 2025 இறுதியில் வெளியானதிலிருந்து நம்மவர் மத்தியில் ஓர் ஒப்பாரி ஓயாமல் கேட்கிறது. மலையகத் தமிழர் அழிந்துகொண்டிருக்கிறார்களாம். 2012இல் நாட்டின் சனத்தொகையில் 4.1 வீதமாக, ஏறத்தாழ 8 இலட்சத்து 40 ஆயிரம் பேராக இருந்த சமூகம், 2024இல் 2.8 வீதமாக, சுமார் 6 இலட்சம் பேராகச் சுருங்கியிருக்கிறது. பன்னிரண்டு ஆண்டுகளில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் எங்கே போனார்கள்? கொள்ளைநோய் வந்து வாரிக்கொண்டு போகவில்லை. 1960களில் செய்ததுபோல ஒப்பந்தம் எழுதிக் கப்பலேற்றவும் இல்லை.

ஒப்பாரி வைப்போர் அதே அட்டவணையின் இன்னொரு வரியையும் படித்திருக்கலாம். 2012இல் 11.1 வீதமாக இருந்த ‘இலங்கைத் தமிழர்’ 2024இல் 12.3 வீதமாக உயர்ந்திருக்கிறார்கள். வடக்கிலிருந்து வெளிநாடு செல்வோரின் வரிசை குறையவில்லை. அங்கே பிறப்பு வீதமும் உயர்ந்துவிடவில்லை. அப்படியானால் இந்த உயர்வு எங்கிருந்து வந்தது? இரண்டு வரிகளையும் கூட்டிப் பாருங்கள். 2012இலும் பதினைந்து வீதத்துக்குச் சற்று மேல்; 2024இலும் பதினைந்து வீதத்துக்குச் சற்று மேல். தமிழரின் மொத்தப் பங்கு அநேகமாக அசையவே இல்லை. ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு மனிதர்கள் மாறியிருக்கிறார்கள். பிறப்பு வீதம் குறைந்ததும் வெளிநாட்டு வேலையும் தம் பங்குக்குக் குறைத்திருக்கும். ஆனால் கதையின் பெரும்பகுதி அந்தப் பெட்டி மாற்றமே.

இதைக் கேட்டவுடன், ‘அப்படியானால் கவலைப்பட ஒன்றுமில்லையே, எல்லோரும் தமிழர்தானே’ என்று ஆறுதல் கொள்வோருக்காகவே இந்தக் கட்டுரை. கவலைப்பட நிறையவே இருக்கிறது. அதை நுவரெலியாவிலோ ஹட்டனிலோ நின்று பார்த்தால் தெரியாது. மொனராகலையில் நின்று பார்க்க வேண்டும்.

மொனராகலை என்றால் உலகத் தமிழருக்கு ஒன்றும் புரியாது. கதிர்காமம் என்றால் கைகூப்புவார்கள். அந்தக் கதிர்காமம் இருப்பது மொனராகலை மாவட்டத்தில்தான். லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் வந்து, கொழும்பில் வாகனம் பிடித்து, வெல்லவாயவையும் புத்தலவையும் தாண்டிக் கந்தனைத் தரிசித்துவிட்டுத் திரும்புகிறவர்களில் எத்தனை பேருக்கு, அதே மாவட்டத்தின் மலைச்சரிவுகளில் இறப்பர் மரத்தில் பால் வெட்டித் தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழர் இருக்கிறார்கள் என்பது தெரியும்? நான் செய்தி மேசையில் இருந்த காலத்தில் அந்த மாவட்டத்திலிருந்து வந்த செய்திகள் இரண்டே வகை. ஒன்று கதிர்காமக் கொடியேற்றம். மற்றது யானை மிதித்து ஒருவர் மரணம். இரண்டாவதற்கு நாலு வரி ஒதுக்கினால் அதிகம்.

பழைய வெல்லஸ்ஸப் பிரதேசம் இது. 1818 கிளர்ச்சியை அடக்கிய ஆங்கிலேயன் வயல்களையும் குளங்களையும் அழித்து ஆளரவமற்ற பூமியாக ஆக்கிவிட்டுப் போன மண். 1959 வரை பதுளையோடு சேர்ந்திருந்து, பின்னர் தனி மாவட்டமானது. 1981இல் சுமார் 2 இலட்சத்து 73 ஆயிரமாக இருந்த சனத்தொகை 2012இல் 4 இலட்சத்து 51 ஆயிரமாகியது. பெல்வத்தையிலும் செவனகலவிலும் சீனித் தொழிற்சாலைகள் வந்தன, கரும்புச் செய்கை வந்தது, குடியேற்றங்கள் பெருகின. மக்களில் ஏறத்தாழ 95 வீதம் சிங்களவர். முஸ்லிம்கள் இரண்டு வீதமளவில். ‘இலங்கைத் தமிழர்’, ‘இந்தியத் தமிழர்’ என்ற இரு பெட்டிகளையும் ஒன்றாகக் கொட்டினாலும் தமிழர் மூன்று வீதமே தேறுவர். பக்கத்து மாவட்டமான பதுளையில் நிலைமை வேறு. அங்கே 2012 கணக்கின்படி இந்தியத் தமிழர் மட்டும் 18 வீதத்துக்கு மேல், ஒன்றரை இலட்சம் பேர். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் வென்ற ஏழு ஆசனங்களில் பதுளையும் ஒன்று, எஸ்.எம். சுப்பையா அங்கிருந்து பாராளுமன்றம் போனார். 2024 நவம்பர் தேர்தலிலும் அம்பிகா சாமுவேல், கிட்ணன் செல்வராஜ் என்று மலையகத் தமிழர் இருவர் பதுளையிலிருந்து தெரிவானார்கள். பதுளைத் தமிழனுக்கு எண்ணிக்கை உண்டு; ஆகவே பேச ஆளும் உண்டு. மொனராகலைத் தமிழனின் வாக்கு எந்த வேட்பாளரின் வெற்றி தோல்வியையும் மாற்றாது. வாக்காக எண்ணப்படாதவனுக்கு மிஞ்சியிருப்பது ஆளாக எண்ணப்படுவது ஒன்றுதான். அந்த எண்ணிக்கையும் இப்போது கரைகிறது.

எப்படி என்று சற்று விரிவாகப் பார்ப்போம்.

இந்தப் பெட்டிகள் பிறந்தது 1911இல். அந்த ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில்தான் தமிழரை ‘இலங்கைத் தமிழர்’, ‘இந்தியத் தமிழர்’ என்று வெள்ளைக்கார அதிகாரிகள் முதன்முதலாகப் பிரித்து எழுதினார்கள். அன்று இந்தியத் தமிழர் ஏறத்தாழ 5 இலட்சத்து 31 ஆயிரம், நாட்டில் 12.9 வீதம். 1953இல் 9 இலட்சத்து 74 ஆயிரம், 12 வீதம். அந்த ஆண்டில் அவர்கள் இலங்கைத் தமிழரைவிடத் தொகையில் அதிகம் என்பதை யாழ்ப்பாணத்து நண்பர்கள் பலர் நம்பவே மறுப்பார்கள். ஆனால் அதற்குள் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கிவிட்டது. 1964 அக்டோபர் 30இல் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பமிட்டார்கள். 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் உனக்கு, 3 இலட்சம் பேர் எனக்கு, எஞ்சிய ஒன்றரை இலட்சத்தைப் பின்னர் பார்ப்போம் என்று பங்கு போட்டார்கள். பின்னர் பார்த்த ஆண்டு 1974, பாதிப் பாதி. 1984இல் கப்பல் நிற்கும்வரை மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோர் தலைமன்னார் வழியாக இராமேஸ்வரம் போய்ச் சேர்ந்தார்கள். இதெல்லாம் வாசகர்கள் அறிந்த கதை. 1971இல் 11 இலட்சத்து 75 ஆயிரமாக இருந்த தொகை 1981இல் 8 இலட்சத்து 19 ஆயிரமாகியது. நாட்டின் 9.3 வீதம் 5.5 வீதமாகியது. கப்பல் ஏறியவர்களை வைத்து மட்டும் அந்த வீழ்ச்சியை விளக்கிவிட முடியாது. அன்றே பெட்டி மாற்றம் தொடங்கிவிட்டது.

ஏன் மாறினார்கள்? 1977இலும் 1983இலும் அடிபட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் ஓடியவர்கள் அங்கே இலங்கைத் தமிழராகப் பதிந்துகொண்டார்கள். 1983 யூலை 27இல் பதுளை நகரம் எரிந்ததைக் கண்டவர்களிடம், ‘நீ ஏன் இந்தியத் தமிழன் என்று எழுதவில்லை?’ என்று கேட்பதற்கு நமக்கு என்ன தகுதி இருக்கிறது? நாடற்றவனாக அரை நூற்றாண்டு வைத்திருந்து, 1988இலும் 2003இலும் சட்டம் போட்டுப் பிரசாவுரிமை கொடுத்த பிறகும், பிறப்புச் சான்றிதழில் ‘இந்திய’ என்ற சொல்லை ஒட்டிவைத்திருந்தது அரசு. கொழும்பில் கடையில் நிற்கும் பையன், கட்டுநாயக்கவில் ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் பெண், அரசாங்க உத்தியோகம் பெற்ற ஆசிரியர் எல்லோரும் வாய்ப்புக் கிடைத்தபோது அந்தச் சொல்லை உதறினார்கள். 2024 மதிப்பீட்டில் ‘இந்தியத் தமிழர்/மலையகத் தமிழர்’ என்று பெட்டியின் பெயரைத் திருத்தினார்கள். அந்த மக்கள் கேட்டது மலையகத் தமிழர் என்ற பெயர். கொடுத்தது பழைய பெயருக்குப் பக்கத்தில் ஒரு சாய்கோடு. 1823இலிருந்து எண்ணி இருநூறு ஆண்டுகளை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தவர்களுக்கு அரசு அளித்த மரியாதை அந்தச் சாய்கோடுதான்.

ஆகவே பெட்டி மாறியவனை நான் குறைசொல்லவில்லை. பெட்டி மாறியதைக் கொண்டாடுகிறவர்களிடம்தான் எனக்கு வழக்கு இருக்கிறது. ‘தமிழ்த் தேசிய இனம் ஒன்றாகிறது’ என்று அவர்கள் எழுதுகிறார்கள். எழுதட்டும். ஆனால் அந்த ஒன்றில் வெள்ளவத்தையில் மாடி வீட்டில் இருப்பவரும் படல்கும்புறவில் லயக்காம்பிராவில் இருப்பவரும் ஒரே சராசரியில் அடக்கம். சராசரி எப்போதும் மாடி வீட்டுக்காரனின் பெயரையே சொல்லும். இலங்கைத் தமிழரின் எழுத்தறிவும் வருமானமும் இன்னது என்று நாளை ஓர் அறிக்கை வரும்போது, லயத்தில் ஒழுகும் கூரை அந்த அறிக்கையில் எங்கே இருக்கும்?

‘இனப்பெட்டி போனால் என்ன, தோட்டத்துறை என்ற தனிப் பிரிவு இருக்கிறதே’ என்று அதிகாரிகள் பதில் சொல்வார்கள். இலங்கையின் புள்ளிவிபரங்களில் நகரம், கிராமம், தோட்டம் என மூன்று துறைகள் உண்டு என்பது உண்மையே. ஆனால் தோட்டம் என்றால் என்ன? 20 ஏக்கருக்குக் குறையாத பரப்பும், அங்கேயே வதியும் தொழிலாளர் 10 பேருக்குக் குறையாமலும் இருக்க வேண்டும் என்பதே வரைவிலக்கணம். இதை மொனராகலையில் பொருத்திப் பாருங்கள். 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களுக்குப் பின் அரச சபைகளின் கைக்குப் போன தோட்டங்கள் உண்டு, துண்டாடப்பட்டவை உண்டு, மரம் கிழடு தட்டிப் பால் வெட்டு நின்றுபோனவை உண்டு. வேலை நின்றதும் இளையவர்கள் வெளியே போகிறார்கள். பதிவுத் தொழிலாளர் ஒன்பது பேராகும் நாளில் அந்த இடம் தோட்டமாக இருக்காது, கிராமமாகிவிடும். லயம் அதேதான். பொதுக் குழாயும் அதேதான். வீட்டுக்கு உறுதி கிடையாது, காணிக்கும் கிடையாது. கணக்கில் மட்டும் அவன் கிராமவாசி. நாட்டின் பெருந்தோட்டங்களில் பத்து இலட்சம் பேர் வாழ்கிறார்கள் என்று மேடையில் முழங்குகிறோம். கம்பனிகளில் பெயர் பதிந்து வேலைசெய்வோர் ஒன்றரை இலட்சத்துக்கும் குறைவு என்பதை மெல்லிய குரலில்தான் சொல்கிறோம். அந்தப் பதிவு குறையக் குறைய இந்த வரைவிலக்கணமும் மக்களைக் கைவிட்டுக்கொண்டே போகும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. மொனராகலை மாவட்டத்தில் மாநகர சபையோ நகர சபையோ கிடையாது; பிரதேச சபைகள் மட்டுமே. நகர சபை இல்லாவிட்டால் புள்ளிவிபரத்தில் நகரமும் இல்லை. பேருந்து நிலையமும் வங்கிகளும் மாவட்டச் செயலகமும் உள்ள மொனராகலைப் பட்டணமே 2012 கணக்கில் கிராமம். நகரவாசிகளின் தொகை சைபர். பட்டணத்துக் கடைக்காரரும், சியம்பலாண்டுவச் சேனைப் பயிர்ச்செய்கையாளரும், மூடிய தோட்டத்தின் முன்னாள் பால்வெட்டுத் தொழிலாளியும் ஒரே கிராமத்துறைச் சராசரியில் குந்தியிருக்கிறார்கள்.

இனி வருமானம். 2019ஆம் ஆண்டின் வீட்டு வருமான செலவின ஆய்வின்படி நகரக் குடும்பமொன்றின் சராசரி மாத வருமானம் 1,16,670 ரூபா. கிராமத்தில் 69,517 ரூபா. தோட்டத்தில் 46,865 ரூபா. வறியோரின் விகிதமோ நகரத்தில் 6.0 வீதம், கிராமத்தில் 15.0 வீதம், தோட்டத்தில் 33.8 வீதம். மூவரில் ஒருவர் வறியவர். இது நெருக்கடிக்கு முந்திய கணக்கு. 2022 பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் 2023இல் லேர்ன்ஏசியா நிறுவனம் நடத்திய ஆய்வில் தோட்டத்துறையில் பாதிக்கு மேற்பட்டோர் வறுமையில் இருந்தனர்.

ஆனால் அதே திணைக்களத்தின் பழைய அட்டவணைகளைப் புரட்டுங்கள். தோட்டத்துறை வறுமை 2006/07இல் 32.0 வீதம், 2009/10இல் 11.4, 2012/13இல் 10.9; 2016இல் 8.8. பிறகு 2019இல் 33.8. எட்டு வீதமாக இருந்த வறுமை மூன்றே ஆண்டில் முப்பத்துமூன்றாகியது எப்படி? தோட்டத்தில் ஒன்றும் நேரவில்லை. கோடு மாறியது. 2016இல் ஓர் ஆளுக்கு மாதம் 4,166 ரூபா இருந்தால் வறியவர் அல்லர். 2019க்குப் புதிதாகக் கணித்த கோடு 6,966 ரூபா. திணைக்களத்தார் இதை மறைக்கவில்லை, புதிய கோடு என்று தெளிவாகவே சொன்னார்கள். ஆனால் 8.8 வீதத்தைக் காட்டி ‘தோட்டங்களில் வறுமையை ஒழித்துவிட்டோம்’ என்று மேடை போட்ட அமைச்சர்கள், பழைய கோட்டில் ஒரு நாளைக்கு 140 ரூபாவுக்கும் குறைவாகவே வருகிறது என்பதைச் சொல்லவில்லை. அந்த ஆண்டுகளில் ஒரு தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 2013 கூட்டு ஒப்பந்தத்தில் 450 ரூபா, 2016இல் 500 ரூபா. ஆயிரம் ரூபா என்று கேட்டுக் கேட்டு, 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை வழியாக அது வந்து சேர்வதற்குள் ஆயிரத்தின் பெறுமதி போய்விட்டது. 2024 மே மாதத்தில் 1,700 ரூபா என்று வர்த்தமானி போட்டார்கள். கம்பனிகள் நீதிமன்றம் ஏறின. கடைசியில் 1,350இல் வந்து நின்றது. 2025 நவம்பரில் சமர்ப்பித்த வரவுசெலவுத் திட்டம் அதை 1,550 ஆக்கி, வரவுக் கொடுப்பனவாக அரசே 200 ரூபா தருவதாகச் சொன்னது. நல்லது. ஆனால் இந்தச் சம்பளம் எல்லாம் பதிவுத் தொழிலாளிக்கு. தோட்டமே மூடிப்போன இடத்தில் எந்தச் சம்பள நிர்ணய சபை யாருக்குச் சம்பளம் நிர்ணயிக்கும்?

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அநீதியாகும். மொனராகலையின் வறுமை தமிழனின் தனிச்சொத்து அல்ல. 2012/13இல் நாடு முழுவதும் வறுமை 6.7 வீதமாகக் குறைந்ததாகக் கணித்தபோது மொனராகலையில் அது 20.8 வீதம்; முந்திய ஆய்வில் இருந்த 14.5 வீதத்திலிருந்து ஏறியிருந்தது. அந்த ஏழைகளில் மிகப் பெரும்பாலோர் சிங்கள விவசாயிகள். மழை பொய்த்தால் சேனை காயும். காயாவிட்டால் யானை தின்னும். கரும்பை வெட்டிக் கொடுத்தால் பணம் வரத் தாமதமாகும். வெல்லஸ்ஸவின் சிங்கள ஏழையையும் தமிழ் ஏழையையும் எதிரெதிரே நிறுத்தி அரசியல் செய்வது எளிது. இரு பக்கத்திலும் அதைச் செய்தவர்கள் உண்டு. ஆனால் சிங்கள விவசாயியின் வறுமை மாவட்டத்தின் சராசரியில் தெரிகிறது. தெரிவதனால் அதற்கு ஒரு வேலைத்திட்டம் வருகிறது, போதாமலேனும் வருகிறது. மூன்று வீதத்தானின் வறுமை அந்தச் சராசரியை அசைக்காது. பிரதேச சபைப் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவிடச் சட்டம் இடந்தந்ததே 2018இல்தான். அதுவரை தோட்டப் பாதைக்கு ஒரு மண்வெட்டி மண் போடவும் சபைக்கு அதிகாரமில்லை.

கணக்கில் இல்லாமல் இருப்பது என்றால் என்ன என்று பலருக்கு விளங்குவதில்லை. மொனராகலை எல்லைக்கு அருகே, வெல்லவாய வீதியில் கொஸ்லாந்தை இருக்கிறது. 2014 அக்டோபர் 29 காலையில் அங்கே மீரியபெத்தைத் தோட்டத்தின் லயன்களின் மேல் மலை சரிந்தது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. மண்ணுக்குள் எத்தனை பேர்? முந்நூறு என்றார்கள், நூறு என்றார்கள், பின்னர் அதுவும் குறைந்தது. நாட்கணக்காக அந்த எண் மாறிக்கொண்டே இருந்தது. ஒரு தோட்டப் பிரிவில் முதல் நாள் இரவு உறங்கியவர்கள் எத்தனை பேர் என்பதைச் சொல்லக்கூடிய ஒரு காகிதம் இந்த அரசிடம் உடனடியாக இல்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பதுளையையும் நுவரெலியாவையும் கண்டியையும் சரித்தபோது மறுபடியும் மலைச்சரிவில் இருந்தவர்களே புதைந்தார்கள்.

நமது தலைவர்கள்? அவர்களுடைய மலையகம் ஹட்டனில் தொடங்கி நுவரெலியாவில் முடிகிறது. ஊவா என்றால் பதுளை வரை வருவார்கள். பசறை, லுணுகலைக்கு அப்பால் இறங்குவதில்லை. அங்கே வாக்கு இல்லை, சந்தாப் பணமும் இல்லை. 2023 அக்டோபரில் ஹட்டன் பிரகடனம் செய்து 2024இல் ஆட்சிக்கு வந்தவர்களும், காணி, வீடு, அடையாளம் என்று அடுக்கிய வாக்குறுதிகளில் தேயிலை மலையைத்தான் மனதில் வைத்திருந்தார்கள் என்றே எண்ணத் தோன்றுகிறது. இறப்பர் காட்டுத் தமிழனைப் பற்றி அழுத்தமாக ஒரு வரியேனும் எழுத அவர்களுக்கு யாராவது எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வேண்டியவர்கள் நாம். நாம் ஒப்பாரி வைத்துக்கொண்டிருக்கிறோம்.

தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்திடம் கேட்க வேண்டியவை பெரிய விடயங்கள் அல்ல. ஒவ்வொரு கிராம உத்தியோகத்தர் பிரிவுக்கும் இனத்தையும் வீட்டின் தன்மையையும் பொருத்திய அட்டவணையைத் தமிழிலும் வெளியிட வேண்டும். லயன் அறையில் வாழ்பவன் எந்தப் பெட்டியில் புள்ளடியிட்டாலும் அவன் லயனில் இருக்கிறான் என்பது அதில் தெரியும். 20 ஏக்கர், 10 தொழிலாளர் என்ற வரைவிலக்கணத்தை மாற்றி, தோட்டமாக இருந்து மூடப்பட்ட இடங்களையும் அடுத்த மதிப்பீட்டில் தோட்டத்துறையில் சேர்க்க வேண்டும். ‘இந்தியத் தமிழர்’ என்ற சொல்லையும் சாய்கோட்டையும் எடுத்துவிட வேண்டும். பதுளையிலிருந்து போயிருக்கும் இருவரும் ஆளுங்கட்சிக்காரர்கள். பாராளுமன்றத்தில் ஒரு வாய்மூலக் கேள்வியாக இதைப் போட அவர்களுக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. மொனராகலை மாவட்டத்தில் 2012இல் தோட்டமாகப் பதிவாகி 2024இல் கிராமமாகிப்போன இடங்கள் எவை, அங்கே லயன்களில் இன்னமும் இருப்போர் எத்தனை பேர் என்பதே அந்தக் கேள்வியாக இருக்கட்டும்.